பழைய படைத்துவக்கைத் துலக்கும் முறை

விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் துவக்கைப் பற்றி எழுதுவதா என வியப்போர் உளராகலாம். இரும்பும் மரமும் கொண்ட பழம்பொருளொன்றைக் கெடாது பேணுதற்கும், ஏட்டுச்சுவடியொன்றைப் பிழையறப் பதிப்பித்தற்கும் வேண்டப்படும் அறிவு ஏறக்குறைய ஒன்றேயாம். நீக்கவேண்டியது யாது, நீக்கலாகாதது யாது எனப் பகுத்துணர்தலே இரண்டிற்கும் முதற்பாடம். அப்பாடத்தை விளக்குதற்கு லீ-என்பீல்ட் என்னும் படைத்துவக்கை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் அமைத்த பொறியும், இங்கிலாந்தின் என்பீல்டிலிருந்த அரசினர் படைக்கலத் தொழிற்சாலை வகுத்த குழலும் ஒன்றுசேர, 1895 ஆம் ஆண்டில் இத்துவக்கு தோன்றிற்று. 1907 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பெற்ற இதன் குறுந்துவக்கு வகையே முதலாம் உலகப்போரிற் பிரித்தானியப் பேரரசுக் காலாட்படையின் தலையாய படைக்கலமாயிற்று. அவுஸ்திரேலியாவின் லித்கோவிலும் வங்காளத்தின் இசாப்பூரிலுங்கூட இது செய்யப்பட்டது. குழலின் உள்விட்டம் .303 அங்குலம், தோட்டாப் பெட்டி பத்துத் தோட்டாக்களைக் கொள்ளும். நம் நாட்டிலும் படையினரும் பொலிசாரும் இதனை ஏந்தினர். ‘திறீ நொட் திறீ’ என்றாற் மூத்தோர் உடனே அறிவர். போர்கள் முடிந்தபின் தேவைக்கு மிஞ்சிய துவக்குகள் பல நாடுகளில் விற்கப்பட்டன. அவற்றைத் துலக்கும் முறையையே இங்குக் கூறுகின்றோம்.

சட்டப்படி அனுமதிப்பத்திரம் உடையவரே இப்பணியைத் தொடங்குதற்குரியர். தொடங்குமுன் தோட்டாப் பெட்டியைக் கழற்றிக் குழலின் பின்னறையைக் கண்ணாற் பார்த்தும் விரலால் தொட்டும் வெறுமையை உறுதிசெய்தல் வேண்டும். ‘வெறுந்துவக்கு’ என்ற நம்பிக்கையே பல உயிர்களைக் குடித்ததென்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

அடுத்து, துவக்கைப் பிரித்தல். இங்கே அறியாதார் செய்யும் தவறொன்றுண்டு. தோளிற் பொருந்தும் பின்கட்டையை இறுக்கும் நீண்ட ஆணியின் நுனி சதுரமானது. அது முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள தகட்டிற் செருகி நிற்கும். ஆகவே முன்கட்டையைக் கழற்றாமல் அவ்வாணியைத் திருகினால், நூறாண்டு உழைத்த மரம் ஒரு நொடியிற் பிளந்துவிடும். முன்கட்டை முதலில், பின்கட்டை பின்னர் என்ற முறை வழுவலாகாது.

களஞ்சியத்தில் வைக்கப்பட்ட துவக்குகள் கெட்டியான கிறீசு பூசப்பெற்றிருக்கும். ஆண்டுகள் செல்ல அது மெழுகென இறுகும். இரும்புறுப்புக்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் அது கரையும். பெற்றோலைப் பயன்படுத்துதல் தீ விபத்தை அழைப்பதாகும். மரத்தில் ஊறிய கிறீசையோ இளவெயிலில் வைத்துக் கசியவிட்டுத் துணியால் ஒற்றியெடுத்தல் நன்று.

இனிக் குழல். பழைய படைத்தோட்டாக்களின் அடியில் உள்ள வெடிக்கிண்ணத்திலே பொற்றாசியங் குளோரேற்று என்னும் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அது வெடித்தபின் பொற்றாசியங் குளோரைட்டு என்னும் உப்பாகிக் குழலிற் படியும். கறியுப்பைப் போலவே இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கறளை விளைக்கும். உப்பு எண்ணெயிற் கரையாது, நீரிலேயே கரையும். ஆதலின் எண்ணெயை மாத்திரம் பூசி வைத்தவனுடைய குழல் உள்ளூர அரிக்கப்பட, நீரைக் கண்டு அஞ்சாதவனுடைய குழல் பிழைத்தது. பிரித்தானியப் படைவீரர் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலினூடே ஊற்றிய காரணம் இதுவே. நீர் உப்பைக் கரைக்கும். சூடேறிய இரும்பு தானே விரைவில் உலரும். அதன்பின் கயிற்றிற் கட்டிய துணித்துண்டை இழுத்து எஞ்சிய ஈரத்தைத் துடைத்து, இறுதியிலே எண்ணெய் பூசுதல் வேண்டும். இக்கயிறும் சிறு எண்ணெய்க் குப்பியும் பின்கட்டையின் பித்தளைத் தட்டுக்குட் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன.

குழலுள் ஐந்து புரிகள் இடஞ்சுழியாய்ச் செல்லும். அவை தெளிவாய்த் தோன்றினாற் குழல் நலமுடையது. மழுங்கிய புரியையும் கறள் தின்ற குழியையும் எந்தத் துலக்கலும் மீட்டுத் தராது.

வெளிப்புறக் கறளை அரத்தாளால் தேய்ப்பது பெரும்பிழை. எண்ணெய் தடவிச் சிலநாள் ஊறவிட்டு, இரும்பினும் மென்மையான செப்புத் தகட்டாலோ பித்தளைத் தூரிகையாலோ மெல்லச் சுரண்டினாற் கறள் நீங்கும். அடியிலுள்ள கருமை பெரும்பாலும் தப்பும். மரத்தை இழைத்து வார்னிசு பூசுதலும் வேண்டா. கொதிக்கவைக்காத ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளங்கையால் தேய்த்து ஊட்டுக. அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துதலோ நீரில் நனைத்து வைத்தலோ வேண்டும்.

அரத்தாளை ஏன் இத்துணை கடிகின்றோம் எனின், இத்துவக்கின் உடலே ஓர் ஏடு. அரச முடியும் செய்த ஆண்டும் இரும்பிற் பொறிக்கப்பட்டிருக்கும். பின்கட்டையிற் பதித்த பித்தளை வட்டிலே படைப்பிரிவின் பெயரெழுத்துக்கள் காணப்படுவதுண்டு. பெயரறியாத வீரனொருவனின் கை பட்டுத் தேய்ந்த தழும்பு மரத்தில் இருக்கும். அழுக்கு பின்னர் வந்து சேர்ந்தது, அதனை நீக்கலாம். தழும்போ அப்பொருளின் வரலாறு. அதனை அழித்துப் பளபளப்பாக்கியவன் துவக்கைப் புதுக்கினானல்லன். அதன் வாயை அடைத்தான்.

எழுத்துக்களைப் படிப்பதில் உயிர்காக்கும் பயனும் உண்டு. துவக்கின் உடலிலும், போல்ட்டின் கைப்பிடியிலும் ஒரே எண் இருத்தல் வேண்டும். எண் மாறுபட்டால் அது வேறொரு துவக்கின் போல்ட்டு. தோட்டாவின் பின்புறத்து இடைவெளி பொருந்தாதபோது, தோட்டாவின் கூடு உடைந்து வெடிவளி சுடுபவன் முகத்திற் பாயலாம். ‘டீ.பீ.’ என்னும் எழுத்துக்கள் பொறித்தவை அணிநடைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றைச் சுடவே கூடாது. மற்றவற்றையும் தேர்ந்த துவக்குக் கம்மியர் அளந்து பார்த்தபின்னரே பயன்படுத்தல் தகும். அரத்தாளால் இவ்வெழுத்துக்களைத் தேய்த்தவன், தனக்குரிய எச்சரிக்கையையே தேய்த்தவனாவான்.

சுவடியிலே கறையானரித்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பும் பதிப்பாசிரியனை நாம் ஏற்பதில்லை. தூசியைத் துடைத்து, உள்ளதை உள்ளவாறு காட்டுபவனையே போற்றுகின்றோம். துவக்கைத் துலக்குவோனுக்கும் அதுவே இலக்கணம். முன்னோர் விட்டுச்சென்ற எப்பொருளைக் கையிலெடுப்பினும், மாணவர்காள், முதலில் அதனைப் படியுங்கள், பின்னர்த் துடையுங்கள்.