விடுகதையா, வெறும் கேள்வியா?

தமிழ்வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில நாவலை வரிவரியாக நடத்த முடியாது, நடத்தவும் தேவையில்லை. ஓர் அத்தியாயத்தை ஊன்றி வாசித்து, மீதியை வாய்மொழிக் கதையாகச் சொல்லிவிடலாம். ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' என்னும் மாயக்கதை நாவலில் 19 அத்தியாயங்கள். அவற்றில் ஐந்தாவதை மட்டும் நூலகப் பாடவேளைகளில் எடுத்துக்கொள்கிறேன்.

நூலாசிரியரைப் பற்றி இரண்டு செய்திகள் சொன்னால் போதும். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஒரு மாணவர் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில் இந்நாவலின் முதல் வரியை எழுதினார். (விடைத்தாள் திருத்தும் முகாமில் வெயில் காலத்தைக் கழிக்கும் நமக்கு இது கொஞ்சம் ஆறுதல்.) இரண்டாவது செய்திதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கைப்பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்து எழுதித் தரச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். அந்தச் சிறுவன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பரில் புத்தகம் வெளிவந்தது.

இனி அத்தியாயம். ஹாபிட் இனத்தைச் சேர்ந்த பில்போ, வீட்டையும் சாப்பாட்டையும் விரும்பும் ஐம்பது வயதுக்காரர். பதின்மூன்று குள்ளர்களோடு, டிராகன் பறித்துக்கொண்ட புதையலை மீட்கப் புறப்படுகிறார். வழியில் மலைக்கு அடியில் தனியாகச் சிக்கி, இருட்டில் தடவும்போது ஒரு மோதிரம் கிடைக்கிறது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். அங்கே நிலத்தடி ஏரியில் வாழ்கிறது கோல்லம் என்னும் உயிர். (தொண்டையில் எழுப்பும் விழுங்கல் ஒலியால் வந்த பெயர். கேரளத்து ஊர் என்று நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும்.) இருவருக்கும் விடுகதைப் போட்டி. பில்போ தோற்றால் கோல்லத்துக்கு இரை. வென்றால் கோல்லம் வெளியே போக வழி காட்ட வேண்டும்.

போட்டியில் ஒன்பது விடுகதைகள். மலை, பல், காற்று, இருட்டு, முட்டை, மீன், காலம் என்று விடைகள் போகின்றன. நம் பிள்ளைகளுக்கு இது சொந்த வீடு. தொல்காப்பியம் 'பிசி' என்று குறிப்பிடும் இந்த வகையைச் சில வட்டாரங்களில் அழிப்பாங்கதை என்பார்கள். ஆங்கில விடுகதைகளைக் கரும்பலகையில் எழுதி, கடினமான சொற்களுக்கு மட்டும் பொருள் தருகிறேன். முட்டையை மூடியில்லாத பெட்டியாகச் சொல்லும் விடுகதையை முதலில் அவிழ்த்தவன், ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கத் தயங்கும் மாணவன். அவனுக்குப் பாட்டி சொன்ன முட்டை விடுகதை ஒன்று தெரிந்திருந்தது. உருவகம் பிடிபட்டதும் சொற்கள் தாமாக வந்துவிட்டன. டோல்கீனும் தாம் கற்பித்த பழைய ஆங்கிலத்தின் விடுகதை மரபில் ஊறியவர்தான்.

உண்மையான பாடம் இதற்குப் பிறகு தொடங்குகிறது. கேட்க விடுகதை கிடைக்காமல் தவிக்கும் பில்போ, கை பையில் மோதிரத்தைத் தொட்டதும், இது என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அதுதான் தன்னிடம் கேட்ட விடுகதை என்று எடுத்துக்கொள்ளும் கோல்லம், விடை சொல்ல மூன்று வாய்ப்புக் கேட்டு, மூன்றிலும் தோற்கிறது. பில்போ வென்றது நியாயமா? வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒரே நிபந்தனை: சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் கதையிலிருந்து ஓர் ஆதாரம் காட்ட வேண்டும்.

விடுகதை என்றால் விடைக்கான குறிப்பு அதற்குள்ளேயே இருக்க வேண்டும், இதில் இல்லை என்றது ஒரு குழு. மூன்று வாய்ப்புக் கேட்டபோதே கோல்லம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றது மற்றது. மேலும், கடைசி வாய்ப்பில் அது கயிறு என்றும் ஒன்றுமில்லை என்றும் இரண்டு விடை சொன்னதையும் கண்டுபிடித்தார்கள். உடனே எதிர்க்குழு எழுந்தது. மீன் என்ற விடை பில்போவுக்குத் தெரிந்ததே ஒரு மீன் துள்ளி அவர் காலில் விழுந்ததால்தானே? கூடுதல் நேரம் கேட்க வாயெடுத்து 'நேரம்' என்று மட்டும் கத்தியதே விடையாகப் போனதே, அது அறிவா அதிர்ஷ்டமா?

மணி அடிக்கும் நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், சரியான விடையைச் சொல்லுங்க, எழுதிக்கறோம்." எட்டு ஆண்டுப் பள்ளி வாழ்க்கை அவளுக்குப் பழக்கிய கேள்வி அது. விடை சொல்வதற்குப் பதில், அடுத்த பாடவேளையில் வேறொரு செய்தியைச் சொன்னேன்.

1937 பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. அதில் மோதிரமே கோல்லம் வைத்த பந்தயப் பரிசு. அதைக் காணாததால் மன்னிப்புக் கேட்டு, பரிசுக்கு ஈடாகப் பில்போவுக்கு வழி காட்டி விடுகிறது. அடுத்து எழுதிய பெருங்கதைக்கு அது பொருந்தாததால் 1951 பதிப்பில் டோல்கீன் மாற்றினார். புதிய வடிவில் கோல்லம் ஏமாற்றிக் கொல்லத் துணிகிறது. மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ, கையில் வாள் இருந்தும், அதன் தனிமையை எண்ணி இரங்கிக் கொல்லாமல் தாண்டிப் போகிறார். பழைய வடிவத்தை என்ன செய்வது? 1954இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரையில், அது பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்.

பில்போ ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சற்று அமைதிக்குப் பின், விடை கேட்ட அதே மாணவி, "ஜெயிச்சது சரியில்லைன்னு அவருக்கே தோணியிருக்கும், அதனால பரிசா கிடைச்சதுன்னு சொல்லியிருப்பார்" என்றாள். பையில் இருந்ததைச் சொல்லாமலே கேட்ட கேள்வியை ஆதாரமாகக் காட்டினாள். பழைய வடிவத்தில் இல்லாத இரக்கக் காட்சி புதியதில் ஏன் வந்தது என்பதில் வகுப்பு இன்னும் ஒத்துப்போகவில்லை.

எழுத்துப் பணியாக, அன்றிரவு நடந்ததைக் கோல்லம் சொல்வதுபோல் ஒரு பக்கம், தமிழில். ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் முயன்றாலும் ஏற்கிறேன். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வாதம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இதற்கு நான்கு பாடவேளைகள் ஆகின்றன. திரைப்படத்தைப் பார்த்தவர்கள் வகுப்பில் இருந்தால் விவாதம் முடியும்வரை அதைப் பேசாதிருக்கச் சொல்லிவிடுங்கள்.

மீண்டும் கேட்கும் வகுப்புக்கு 16ஆம் அத்தியாயம் இருக்கிறது. புதையலில் பதினான்கில் ஒரு பங்கு தருவதாகப் பில்போவுக்கு ஒப்பந்தம். குள்ளர் தலைவன் உயிராய்த் தேடும் ஆர்க்கன்ஸ்டோன் என்னும் மணியை அந்தப் பங்காகக் கணக்கிட்டு, போரைத் தவிர்க்க எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிடுகிறார் பில்போ. அது அவர் பங்கா, திருட்டா? கணக்கு ஆசிரியரையும் அன்று வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம்.