எஞ்சினும் குளிர்காற்றும்

மோட்டார் எஞ்சின் பெற்றோலை மட்டும் உண்டு இயங்குவதன்று. காற்றையும் உண்டே இயங்குகின்றது. 1989ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் அறிமுகஞ்செய்த எம்.எக்ஸ்.-5 என்னும் சிறிய ஓட்டக்காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1.6 லீற்றர் எஞ்சினில், இரு சுழற்சிக்கு ஒருமுறை உருளைகள் யாவும் காற்றால் நிறையும். ஆகவே நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில், செக்கனுக்கு ஏறத்தாழ 80 லீற்றர் காற்று அதற்கு வேண்டும்.

கனவளவு ஒன்றாயினும் காற்றின் நிறை ஒன்றன்று. 20 பாகை செல்சியஸ் 293 கெல்வினாகும். 60 பாகை 333 கெல்வினாகும். அமுக்கம் மாறாதிருப்பின், அடர்த்தி இவ்வெண்களுக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும். எனவே 60 பாகைக் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைகின்றது. அதற்கேற்ப எரிக்கத்தக்க பெற்றோலும் குறையும், வலு தளரும்.

இதனை அறிந்த பலர், கடைகளில் விற்கப்படும் கூம்பு வடிகட்டியை வாங்கிப் பொருத்துவர். ஆயின் மறைப்பின்றிப் பொனற்றினுள் நிற்கும் வடிகட்டி, எஞ்சினும் றேடியேற்றரும் சூடாக்கிய காற்றையே இழுக்கும். ஓசை பெருகும், வலு பெருகாது. வடிகட்டியைப் பெட்டியினுள் அடைத்து, காரின் முன்புறத்திலிருந்து குழாய்வழிக் காற்றைக் கொணர்தலே முறை. குழாயின் வாய் மிகத் தாழ்ந்திருப்பின் வெள்ளநீர் உட்புகும். நீர் அமுங்காதாகையால் இணைதண்டு வளைந்துவிடும்.

பல கார்களில் தொழிற்சாலையார் அமைத்த பெட்டியே வெளிக்காற்றை எடுக்கின்றது. ஆதலின் முதலில் வெப்பமானி கொண்டு அளப்போமாக. கார் ஓடும்பொழுது உட்புகும் காற்றும் வெளிக்காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையினவாயின், புதிய உறுப்புக்குப் பொருள் செலவிடல் வேண்டா.