தோள் வலியும் மூன்று விதப் படங்களும்



கொழுந்துக் கூடை சுமப்பவர்களுக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர்களுக்கும் தோள் வலி புதிதல்ல. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் மலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் கையை மேலே தூக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால், தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருக்கவும் கூடும்.

ஒரு அக்கா மலையில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை. "படத்தில ஒன்னுமில்ல, வேலைக்குக் கள்ளம்" என்று லயத்தில் பேசினார்கள். நாங்களும் அதை நம்பிவிட்டோம். பல மாதம் கழித்து வேறு படம் எடுத்தபோதுதான் நார் கிழிந்திருப்பது தெரிந்தது. அந்தத் தவறு இனி நடக்கக் கூடாது என்றே இந்தப் பாடம்.

1. எக்ஸ்ரே: இது எலும்பைக் காட்டும். முறிவு, மூட்டுத் தேய்மானம், சுண்ணாம்புப் படிவு தெரியும். நாரின் கிழிசல் நேராகத் தெரியாது. ஆகவே எக்ஸ்ரே சரியாக இருப்பதால் நோயில்லை என்று சொல்ல முடியாது.

2. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே முறைதான். ஒலியலையால் பார்ப்பது, கதிர் இல்லை. கையை அசைக்கச் சொல்லியும் பார்க்கலாம். முழுக் கிழிசலை நன்றாகக் காட்டும். பாதிக் கிழிசல் தப்பிவிடலாம். பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம்.

3. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: இது காந்தத்தால் எடுப்பது. இதிலும் கதிர் இல்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். கிழிசலின் அளவு, நார் எவ்வளவு பின்வாங்கியுள்ளது, தசை மெலிந்துவிட்டதா என்பதெல்லாம் தெரியும். ஒப்பரேசன் செய்வதைத் தீர்மானிக்க உதவும். செலவு கூடியது, எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. இருதயத்தில் பேஸ்மேக்கரோ உடம்பில் உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எது சிறந்தது? 2013இல் கொக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழுக் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் பின்னைய இரண்டும் ஏறக்குறைய சமம் என்று தெரிந்தது. எனவே எம்.ஆர்.ஐ. கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: வயதானவர்களில் சிலருக்கு வலியே இல்லாமலும் நார் கிழிந்திருக்கும். ஆகையால் படம் மட்டும் போதாது. டாக்டர் கையைப் பிடித்து, தூக்கிப் பார்த்துச் சோதிப்பதே முதல் படி.

விழுந்த பிறகு திடீரென்று கை தூக்க முடியாமல் போனால், சில நாட்களுக்குள் டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் கடந்தால் தசை மெலிந்து, நாரைத் தைப்பது கஷ்டமாகும். எப்படி விழுந்தீர்கள், எப்போதிலிருந்து கை தூக்கவில்லை என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பக்கத்து லயத்தில் யாராவது தோள் வலி என்றால், கள்ளம் என்று சொல்லாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.