மடிப்பிச்சை

ஃப்ரீமான்ட்
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணம்மா,

காலையில் நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நவம்பரில் சான் டியாகோவில் மார்பகப் புற்றுநோய் நிதிக்காக நடக்கும் மூன்று நாள் நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. உன் அம்மா பேரில் நடக்கப் போகிறேன் என்றாய். அப்போதே அழுதுவிட்டேன், நீ கவனித்திருப்பாய். ஆனால் நடப்பவர் ஒவ்வொருவரும் நன்கொடையாகத் திரட்ட வேண்டிய தொகையைப் பற்றி அதற்கடுத்து நீ சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அந்த 2,300 டாலரை நானே கட்டிடறேன் சித்தி. யார்கிட்டயும் போய் நிக்க எனக்குப் பிடிக்கல."

அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஷூ இப்போது போடுவதைவிட அரை அளவு பெரிதாக வாங்கு. நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், மாலையில் விரல் முன்னால் போய் இடிக்கும். இந்த வாரமே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே பழகு. புது ஷூவோடு அங்கே போய் நிற்காதே. பருத்திச் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊற வைத்துவிடும், ஊறின தோல்தான் கொப்புளிக்கும். மூன்று நாளில் 60 மைல், நம் கணக்கில் சுமார் 97 கிலோமீட்டர். ஒரு நாள் 20 மைல் நடப்பது பெரிய காரியமில்லை. மறுநாள் காலையில் எழுந்து அதே காலோடு இன்னொரு 20 மைல் நடப்பதுதான் காரியம். அதனால் அக்டோபரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து நட. சனிக்கிழமை 18 மைல் போனால் ஞாயிறு 15. ஞாயிற்றுக்கிழமை கால் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காதே. வியர்வையில் உப்பு போய்விடும். அந்த இடத்தைத் தண்ணீரை மட்டும் வைத்து நிரப்பினால் தலைசுற்றல், வாந்தி என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். வழியில் மூன்று நான்கு மைலுக்கு ஓர் இடத்தில் தண்ணீரும் தின்பண்டமும் கழிப்பறையும் வைத்திருப்பார்கள். உப்பு பிஸ்கட், ஊறுகாய் வெள்ளரி எது கொடுத்தாலும் வாங்கித் தின்னு.

நான் நடந்தது 2011இல். டெல் மாரில் இருட்டோடு கிளம்பினோம். கடலை ஒட்டிக் கொஞ்ச தூரம், அப்புறம் டாரி பைன்ஸ் ஏற்றம். பாதி ஏறும்போதே இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, சோற்றுப் பருக்கை ஒட்டின மாதிரி ஓர் உறுத்தல். நின்று ஷூவைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். கூட நடந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நிற்கவில்லை. லா ஹோயா தாண்டும்போது அந்தப் பருக்கை புளியங்கொட்டை அளவு கொப்புளமாகிவிட்டது. மருத்துவக் கூடாரத்தில் ஒரு வயதான நர்ஸ் அம்மாள் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சுற்றிலும் மெத்தென்ற துணி வெட்டி ஒட்டினார். "உறுத்த ஆரம்பிச்ச உடனே ஏன் வரல?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை உன் அம்மாவிடம் நான் கேட்டிருக்கிறேன், அதனால் பதில் வரவில்லை.

உனக்கு இப்போது முப்பத்தொன்று. இனி உனக்குத் தெரிய வேண்டும்.

2003இல் என் பிரசவத்துக்கு உன் அம்மா இங்கே வந்தாள். நாலு மாதம் இருந்தாள். மதுரையிலிருந்து பூண்டும் சுக்கும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு வந்து, என்னை ஒரு டம்ளர் நகர்த்த விடவில்லை. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், சாம்பிராணி காட்டுவாள், தோளில் போட்டுத் தட்டுவாள். எப்போதும் வலது தோள்தான். இடது பக்கம் மாற்றிப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் கேட்டேன். "பழக்கம்டீ" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

இடது மார்பில் கட்டி இருந்தது அவளுக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே தெரியும். சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார்கள், தங்கச்சி தனியாகக் கிடப்பாள். இங்கே வந்து சொன்னாலோ இந்த ஊர் டாக்டர் செலவை யார் தலையில் கட்டுவது? வலியும் இல்லை. அதனால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது கண்ணம்மா, அதுதான் அதன் கெட்ட குணம். திரும்பிப் போய் மாமியார் கண் ஆபரேஷன், உன் பள்ளிக்கூடம் என்று இன்னும் தள்ளி, 2004இல் டாக்டரிடம் போனபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே நினைவிருக்கும். அறுவை சிகிச்சை, கீமோ, தலைமுடி, 2007 தை.

யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதை நம் வீட்டில் பெரிய குணமாகச் சொல்லி வளர்த்தார்கள். உன் அம்மாவிடம் அது உச்சத்தில் இருந்தது. "யார்கிட்டயும் போய் நிக்க எனக்குப் பிடிக்கல" என்று நீ சொன்னபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது. அதனால்தான் பேச முடியவில்லை.

பணத்தை நீயே கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும், உண்மைதான். உன் சம்பளத்துக்கு அது முடியும். ஆனால் கேட்பதுதான் அந்த நடையில் பாதி. எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பத்தா என்னைக் காரைக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் பத்து நாள் தெருத் தெருவாக மடிப்பிச்சை எடுத்தாள். அப்பத்தாவுக்கு நெல்லும் இருந்தது, காசும் இருந்தது. வசதி இருந்தாலும் முந்தானையை ஏந்தி நாலு வீட்டில் வாங்கித்தான் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது வேண்டுதல். ஒரு வீட்டில் ஒரு பிடி அரிசி போட்டுக்கொண்டே ஒரு பெண், "என் மகனுக்கும் சேர்த்து வேண்டிக்கங்க ஆச்சி" என்று சொல்லி அழுதாள். அவள் மகனுக்கு என்ன என்று அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் தெரியாது. நத்தம் போகும் வரை அப்பத்தா அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

எனக்கும் அதுதான் நடந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு நீள நோட்டு வாங்கி, மொய் நோட்டு மாதிரி கோடு போட்டு, ஆபீஸில் தொடங்கித் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா வரைக்கும் கேட்டேன். நம் ஆட்கள் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்றுதான் எழுதினார்கள், அந்த ஒரு டாலர் விட்டுப்போகவில்லை. எழுதிவிட்டு உடனே போகமாட்டார்கள். நின்று, குரலைத் தாழ்த்தி, "எங்க அண்ணிக்கும் இதேதான்" என்பார்கள். மூன்று வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள், தனக்கே ஒரு மார்பு எடுத்தாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னாள். நூற்றுச் சொச்சம் பெயரில் பாதிக்கு மேல் பக்கத்தில் யாராவது ஒருவரின் பெயரை நானே சிறியதாக எழுதி வைத்தேன். நடக்கும்போது அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். நீயே கட்டினால் உன் நோட்டில் ஒரு பெயர்தான் இருக்கும்.

கேட்கப் போனால் சிலர் முகத்தில் அடித்த மாதிரி பேசுவார்கள், அதற்கும் தயாராக இரு. பணத்தில் எவ்வளவு ஆராய்ச்சிக்குப் போகிறது, கூடாரத்துக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு என்பார்கள். கோபப்படாதே, நியாயமான கேள்வி. இவ்வளவு பெரிய நடையை நடத்துவதே பெரிய செலவு. வருமானம் குறைந்து, 2014க்கு 14 ஊர்களில் ஏழு ஊர்களை விட்டுவிட்டார்கள். அமைப்பின் ஆண்டறிக்கையை நீ முதலில் படி, கேட்டவர்களிடம் மறைக்காமல் சொல். அப்படியும் மனசு வராதவரிடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதற்காக வருத்தப்பட்டதில்லை.

இந்த அமைப்பும் அடையாறு மருத்துவமனையும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரிதான் எனக்குத் தோன்றும். சூசன் கோமென் என்ற பெண் 1980இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 36. தங்கை நான்சி பிரிங்கர் அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற 1982இல் தொடங்கியதுதான் நீ நடக்கப் போகும் நடையை நடத்தும் அமைப்பு. அதற்கு வெகுகாலம் முன்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை விடாமல் வைத்திருந்து, மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் ஊரறிந்த மனுஷி, சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர். அவரும் போய்க் கேட்டுத்தான் கட்டினார். உடன்பிறந்தவளைக் கொடுத்த இரண்டு பெண்கள். நானும் கொடுத்தவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நடையில் உன்னை ஏற்றிக்கொள்ள வேன்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். இளஞ்சிவப்புத் துணியும் பொம்மையும் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். கால் முடியவில்லை என்றால் கையைக் காட்டி ஏறிக்கொள். இரண்டாம் நாள் மதியம் நான் ஏறினேன். ஆறு மைல் நடக்கவில்லை. ஒரு வாரம் அதை நினைத்துக் குமைந்தேன், இப்போது குமைவதில்லை. வழியில் வீட்டு வாசலில் நின்று குச்சி ஐஸ் கொடுப்பார்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்கள், குழந்தைகள் கையைத் தட்டிவிடச் சொல்லி நீட்டும். பழனிச் சாலையில் மோரும் பானகமும் கொடுப்பார்களே, அதே முகங்கள். வேண்டாம் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்.

மிஷன் பே கரையில் இளஞ்சிவப்புக் கூடாரங்கள் வரிசையாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று. விடிகாலையில் பனியில் எல்லாம் நனைந்துவிடும், துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வை. லாரிக்குள்ளே குளிக்க அறை கட்டியிருப்பார்கள், வெந்நீர் வரும். என் கூடாரத்தில் இருந்தவர் இரண்டு முறை நோய் வந்து மீண்டவர். அக்குள் நெறி எடுத்த கை நடக்கும்போது வீங்கும் என்பதால் அடிக்கடி கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். கடைசி நாள் முடிவில் நோயிலிருந்து மீண்டவர்கள் எல்லாருக்கும் பின்னால் வருவார்கள். அவர்கள் உள்ளே வரும்போது நாங்கள் எல்லாரும் ஒரு கால் ஷூவைக் கழற்றி மேலே தூக்கிப் பிடித்தோம். வியர்வையும் மண்ணும் ஒட்டின ஆயிரக்கணக்கான ஷூ. அவர் என்னைத் தேடிப் பார்த்து அந்த வீங்கின கையை ஆட்டினார்.

இன்னொன்றும் நீ போய்க் கேட்க வேண்டும். உன் டாக்டரிடம். இங்கே எல்லாப் பெண்களுக்கும் நாற்பதிலிருந்து மேமோகிராம் என்கிறார்கள். அம்மாவுக்கு இளம் வயதில் வந்திருந்தால், அவளுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே மகள் பரிசோதிக்கத் தொடங்க வேண்டும் என்பது டாக்டர்கள் பலரும் சொல்வது. நாற்பத்தொன்றில் பத்து போனால் முப்பத்தொன்று. இந்த வருஷம்தான். மரபணுப் பரிசோதனை பற்றியும் கேள். நான் செய்துகொண்டேன், எனக்கு மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இல்லை என்பதால் உனக்கு இல்லை என்று ஆகாது, உன் அம்மாவுக்கு அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. பரவும் முன் கண்டுபிடித்தால் இந்த நாட்டில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். நடைக்கு முன்னால் போய் வா. போய் வந்தேன் என்று எனக்கு ஒரு வார்த்தை எழுது.

நாளைத் தபாலில் ஒரு நீள நோட்டு அனுப்புகிறேன். முதல் வரியை நானே எழுதிவிட்டேன், நூற்றொரு டாலர், பக்கத்தில் அக்கா பெயர். இரண்டாவது வரியை உன் அப்பாவுக்கு விட்டிருக்கிறேன். அவர் இத்தனை வருஷத்தில் அந்த நோயின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்டால் பணத்தை அனுப்பிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். நீ போன் பண்ணு, எதற்காக நடக்கிறாய் என்று முழுதாகச் சொல்லிவிட்டுக் கேள். அவர் பேசாமல் இருந்தால் அவசரப்பட்டு வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.

முதல் நாள் காலை டாரி பைன்ஸ் ஏற்றத்தின் உச்சியில், இடது பக்க ஓரமாக நிற்பேன். உப்புப் போட்ட மோர் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சித்தி