சுடும் கனெக்டர்

விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், அனகாபுத்தூரில் நாங்கள் ஓட்டுவது ரிமோட் கார்தான். ஒருநாள் ஓடிய கார் நின்னுபோச்சு. மோட்டார் போச்சு என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் பேட்டரி கனெக்டர் சுட்டது!

காரணம் நம் பாடத்திலேயே உள்ளது. வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. தளர்ந்த இணைப்பில் 0.01 ஓம் இருந்தால், 10 ஆம்பியரில் 1 வாட். 30 ஆம்பியரில் 9 வாட்!

ஆகவே:

1. மோட்டார் இழுப்பதைவிட அதிக ஆம்பியர் தாங்கும் கனெக்டரை வாங்குங்கள்.

2. பேட்டரி பக்கம் ஃபீமேல்தான். பின் வெளியே நீட்டினால் ஷார்ட் ஆகும்.

3. சால்டரிங்கில் ஒவ்வொரு ஒயராக வெட்டிப் பற்றவையுங்கள். மற்றதை டேப் சுற்றி மூடுங்கள்.

4. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

5. கருத்ததை, தளர்ந்ததை உடனே மாற்றுங்கள்.

சின்னப் பொருள்தானே என்று விட்டால் பேட்டரியே போயிடும். ஓட்டி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். சூடுதான் முதல் எச்சரிக்கை!