கால் எடுத்த பின் வரும் ஐந்து ஆண்டுகள்

சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவரின் உயிருக்கு முதல் ஆபத்து இதயத்திலிருந்து வருகிறது, அடுத்தது சிறுநீரகம். பாதத்துக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்த நோய், பெரும்பாலும் நெஞ்சிலும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். காயம் ஆறி, தையல் பிரித்து, வீட்டார் சற்றே மூச்சுவிடும் நேரத்தில்தான் மாத்திரைகள் தவறத் தொடங்குகின்றன. 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டுத் தொகுப்பாய்வின்படி, கணுக்காலுக்கு மேல் கால் எடுத்தவர்களில் 56.6 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது 31 சதவீதம். கால் எடுத்தவர்களின் அந்த 56.6, நோயாளியிடம் மறைக்கக் கூடாத எண். ஈ.சி.ஜி., எக்கோ, கிரியேட்டினின் பரிசோதனைகளும் ரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் ஏன் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்பது இந்த எண்ணைச் சொன்னால்தான் புரியும். பீடி, சிகரெட் அறுவை நாளோடு நிற்க வேண்டும்.

அறுவைக்குப் பின் பலர் எதிர்பாராத ஒன்று, சர்க்கரை தாழ்ந்துபோவது. சீழ் பிடித்த பாதம் போனதும் இன்சுலின் தேவை குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டால் வியர்த்து, நடுங்கி மயக்கம் வரும். அளவை மருத்துவர்தான் மாற்றித்தர வேண்டும்.

வெட்டிய காலின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது அன்பினால் நடக்கும் தீங்கு. மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவது கடினம். காலை நீட்டி வைப்பதும், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பதும் உதவும். முழங்கால் மிஞ்சியவருக்கு நடை எளிது. தொடையில் எடுத்தவருக்கு ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் மூச்சு செலவாகும். ஆனாலும் எழுந்து நடமாடுபவரின் இதயமும் மனமும் தேறும். படுக்கையோடு கிடந்தால் இரண்டும் தளரும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

மிஞ்சிய கால்தான் அடுத்த கவலை. உடலின் பாரம் முழுவதும் அதன்மேல் விழுகிறது. அதுவும் பெரும்பாலும் மரத்துப்போன பாதம். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் தரையெங்கும் கருங்கல் சில்லு; மீனவர் குப்பங்களில் கிளிஞ்சலும் மீன்முள்ளும் சுடுமணலும்; கோயில் பிராகாரத்தில் நண்பகல் கல். குத்தியதோ சுட்டதோ தெரியாமல் நடப்பவர், மாலையில் செருப்பில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகே அறிகிறார். மரத்துப்போனதைக் கண்டறியத் தூண்டில் நரம்பைப் போன்ற நைலான் இழை ஒன்று போதும். அது வளையும்வரை உள்ளங்காலில் அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தம் தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் காவலை இழந்துவிட்டது.

இந்த அறிவில் செங்கல்பட்டுக்கும் பங்குண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனையில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க 1947-இல் வந்த வேலூர் சி.எம்.சி. அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் கைகால்களைக் கண்டு தம் வாழ்நாள் ஆய்வைத் தொடங்கினார். உணர்ச்சி இழந்த பாதம் அழுகுவதற்குக் காரணம் நோய்க்கிருமி மட்டுமல்ல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரைப் பாதத்துக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் அதே வழியைப் பரப்பினார். இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பும், புண்ணின் மேல் பாரம் விழாமல் போடும் மாவுக்கட்டும் அந்தப் பாடத்தின் பயன்.

அந்தச் செருப்பு வீட்டுக்குள்ளும் காலில் இருக்க வேண்டும். போடுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தினமும் மாலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்க்கலாம். கோயிலுக்குக் கல் சூடேறுமுன் போய்வரலாம். கால் ஆணியை வீட்டில் பிளேடால் செதுக்கவே கூடாது.

மிஞ்சிய பாதத்தில் கொப்புளமோ கருமையோ சூடோ வீக்கமோ நாற்றமோ தெரிந்தால், வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.