பம்பு செட்டில் கழலாத போல்ட்டும் களவு தடுக்கும் நட்டும்

கொங்கு நாட்டு உழவர்களுக்குப் போல்ட்டும் நட்டும் புதியவை அல்ல. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்த பிறகு, கவலை இறைத்த கிணறுகளில் படிப்படியாக மோட்டார்கள் ஏறின. மோட்டாரோடு ஸ்பானரும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்று இவற்றால் இருவகைத் தொல்லை உண்டு. கழற்ற வேண்டிய நாளில் துருப்பிடித்த போல்ட் அசைவதில்லை. கழலக்கூடாத இரவில், யாரோ சாதாரண ஸ்பானரைக் கொண்டு சூரியத் தகட்டைக் கழற்றிச் சென்றுவிடுகிறார்கள். பயிர் வளர்ப்பு சொல்லித் தருபவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் குலை தள்ளும் வாழைக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள். தண்ணீர் நிற்பதற்கு முறிந்த போல்ட் ஒன்றே போதும்.

துருப்பிடித்த போல்ட்

இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். மரையின் நூலிழை இடைவெளியில் துரு பெருகினால், ஆப்பு அடித்தது போல நட் இறுகிவிடும். உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் இது விரைவில் நிகழும். ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி இழுப்பது நம்மிடையே வழக்கம். இதனால் நட்டின் மூலை மழுங்கும், அல்லது போல்ட் முறியும். பலத்தைக் கூட்டுவதற்கு முன் பிடியைத் தளர்த்த வேண்டும்.

முதலில் ஸ்பானர் அளவைச் சரிபார்க்கவும். எம் 12 போல்ட்டுக்குப் பழைய தரப்படி 19 மி.மீ. ஸ்பானர், புதிய தரப்படி 18 மி.மீ. இரண்டும் கடையில் கலந்தே கிடைக்கின்றன. 18 நட்டில் 19 ஸ்பானரைப் போட்டால் மூலை போய்விடும். பழைய பம்புகளில் உள்ள ‘நாலு நூல்’ போல்ட் அரை அங்குலக் கணக்கைச் சேர்ந்தது. அதற்கு மில்லிமீட்டர் ஸ்பானரைத் திணிக்கக் கூடாது. பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானரைவிட ஆறு மூலை ஸ்பானரே இவ்வேலைக்கு ஏற்றது. அது மூலையை நம்பாமல் பக்கத்தைப் பிடிக்கும்.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊற விடவும். அது கிடைக்காவிடில் டீசலும் மெல்லிய எஞ்சின் ஆயிலும் கலந்து விடலாம். காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் சில தட்டுத் தட்டவும். அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளிறங்கும். பிளேஞ்சில் தட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு தெறித்துவிடும். பிறகு நட்டை இறுக்கும் பக்கம் மயிரிழை திருப்பி, அதன்பின் கழற்றும் பக்கம் திருப்பவும். கால் சுற்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தால் துருத் தூள் வெளியேறும். அவசரம் இங்கே கூடாது.

இதற்கும் அசையாவிடில் சூடு காட்டலாம். போல்ட்டை அல்ல, நட்டைச் சூடாக்க வேண்டும்; நட் விரிந்து பிடி தளரும். டீசல் ஊறிய இடத்தில் அதை நன்கு துடைத்து எடுக்காமல் நெருப்பைக் காட்டக் கூடாது. நாகப் பூச்சுள்ள குழாயைச் சூடாக்கினால் எழும் புகை தீங்கானது. ரப்பர் பேக்கிங், கேபிள் அருகிலும் சூடு ஆகாது. அத்தகைய இடங்களில் நட்டைப் பிளக்கும் கருவியால் நட்டை வெட்டி எடுப்பதே சிக்கனம். ஒரு நட் போனால் போகட்டும்.

போல்ட் முறிந்து துளைக்குள் தங்கிவிட்டால், எதிர்மரைத் திருகியை உடனே துளைத்து ஏற்ற வேண்டாம். அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளையூசி அதில் இறங்காது. முனை சற்று வெளியே தெரிந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பற்றவைப்பின் சூடு துருவைத் தளர்த்தும், நட்டும் பிடிப்புக்குக் கிடைக்கும். பட்டறைக்காரர்கள் பலரும் இதையே முதலில் செய்வார்கள்.

துருப்பிடிக்காத எஃகிலும் சிக்கல்

சூரிய பம்புத் தாங்கிகளில் உள்ள போல்ட்டின் தலையில் ‘ஏ2-70’ என்று பொறித்திருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. துரு இல்லையே, எளிதில் கழலும் என்று எண்ண வேண்டாம். இவ்வகை நட்டும் போல்ட்டும் உலர்ந்த நிலையில் வேகமாகச் சுழலும்போது மரைகள் உரசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதற்கு எண்ணெய் பயன்படாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பொருத்தும்போதே மரையில் ஒட்டுத் தடுப்புப் பசை பூசிக் கையால் மெதுவாகத் திருகினால் இத்தொல்லை பெரும்பாலும் வராது.

களவு தடுக்கும் நட்டுகள்

இவற்றில் இருவகை உண்டு. முதல் வகைக்குத் தனித் திருகுமுனை வேண்டும்: நடுவில் முளை வைத்த ஆறுமூலைத் துளை, முளை வைத்த நட்சத்திரத் துளை, இரட்டைத் துளைத் தலை போன்றவை. இவற்றின் முனைகள் கடையிலும் இணையத்திலும் யாருக்கும் கிடைக்கும். எனவே இவை களவைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. இரண்டாம் வகை முறியும் நட். கூம்பின் மேல் ஆறுமூலைத் தலை இருக்கும். குறித்த இறுக்கம் வந்ததும் தலை முறிந்து விழ, ஸ்பானர் பிடிக்க இடமில்லாத கூம்பு மட்டும் நிற்கும்.

என் கருத்தில், தாங்கியின் கால்களுக்கும் மோட்டார் அடித்தளத்துக்கும் முதல் வகையே போதும். தகடு ஒன்றுக்கு நான்கு போல்ட் இருந்தால் எதிரெதிர் மூலையில் இரண்டுக்கு மட்டும் முறியும் நட் போடலாம். நான்குக்கும் போட்டால், தகடு பழுதாகும் நாளில் நாமே நமக்குக் களவாளி ஆவோம். அந்நாளில் கூம்பில் ரம்பத்தால் காடி வெட்டி உளியால் திருப்ப வேண்டும். கிரைண்டர் பிடித்தால் தீப்பொறி கண்ணாடியைக் கெடுக்கும்; ஈரச் சாக்கால் மூடிக்கொள்க. வெயிலுள்ள வரை தகட்டில் மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் தகட்டிலிருந்து வரும் கம்பியில் அது நிற்காது. ஆகவே பொழுது சாய்ந்த பிறகே கை வைக்கவும்.

தகட்டின் சட்டத்தில் புதிதாகத் துளை போடக் கூடாது. மானியத்தில் அமைத்த பம்பாயின் உத்தரவாதக் காலத்தில் போல்ட் மாற்றுவதற்கு முன், நிறுவிய நிறுவனத்திடமும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நலம். அப்போதே களவுக்குக் காப்பீடு உண்டா, எதுவரை என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

புதிய எஃகு போல்ட் மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவுக. கிரீஸ் இட்ட மரை எளிதில் சுழலும். பழைய பலத்தையே காட்டினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். தனித் திருகுமுனை வாங்கும்போது இரண்டாக வாங்கவும். இரண்டையும் வீட்டில் வெவ்வேறு இடத்தில் வைக்கவும். மோட்டார் அறை ஆணியில் மாட்ட வேண்டாம்.